ஊவாத் தோட்டங்களும் பதுளை நகரத்து உணவுக் கடைகளும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு தொழிலாளர் சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அச்சமூகம் எதனை உற்பத்தி செய்தது, எவ்வளவு கூலி பெற்றது, எச்சட்டங்களால் ஆளப்பட்டது என்பவற்றையே முதற்கண் நோக்குவர். மலையகத் தமிழரின் வரலாறும் பெரும்பாலும் இம்முறையிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மக்கள் எங்கே அமர்ந்து உண்டனர், யார் பரிமாற உண்டனர், எதனைத் தாமே தெரிந்து உண்டனர் என்னும் வினாக்கள் அற்பமானவை போலத் தோன்றலாம். எனினும், உணவைச் சம்பளக் கணக்கிற் கழித்துக் கொடுத்த ஓர் அமைப்பின் கீழ் வாழ்ந்த குடும்பம் ஒன்று, நகரத்துக் கடையின் வாங்கிலே அமர்ந்து, தான் விரும்பியதைக் கேட்டு வாங்கி, அதற்குரிய பணத்தைத் தன் கையாற் கொடுத்து எழுந்த செயல், அதன் சமூக நிலையில் ஏற்பட்ட மாற்றத்தின் தெளிவான அடையாளமாகும். ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் களமாகக் கொண்டு நோக்கும்போது இம்மாற்றத்தின் படிநிலைகளை ஓரளவு தெளிவாக இனங்காண முடிகின்றது.

வெளியில் உண்பதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். கையிற் காசு இருத்தல் வேண்டும்; தோட்டத்தை விட்டு வெளியேறும் உரிமையும் வழியும் இருத்தல் வேண்டும்; சென்ற இடத்தில் இருக்கை மறுக்கப்படாதிருத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊவாத் தோட்டத் தொழிலாளிக்கு இம்மூன்றுமே அரியனவாக இருந்தன.

ஊவாவிற் பெருந்தோட்டம் கோப்பியுடன் தொடங்கியது. இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்டதும் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே ஆகும். கோப்பி வீழ்ந்த பின் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. பயிர் மாறிய போதும் தொழிலாளியின் உணவு முறை மாறவில்லை. தென்னிந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இறக்குமதியான அரிசியைத் தோட்ட நிர்வாகம் வாங்கித் தொழிலாளருக்கு வழங்கி, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. அரிசி அங்கே தொழிலாளி கடையில் விலை பேசி வாங்கும் பண்டமாக இருக்கவில்லை. கூலியின் ஒரு கூறாகவே இருந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்திலும் அரிசி சம்பளக் கணக்கோடு இணைந்தே நின்றது.

அரிசி போக எஞ்சிய சம்பளமும் நேரே தொழிலாளியின் கைக்கு வந்ததென்று கூறுவதற்கில்லை. பெரிய கங்காணியிடம் பெற்ற முற்பணம், தோட்டக் கடையின் கடன், தலைக்காசு என்னும் பெயரிற் கங்காணிக்குச் சேர்ந்த பங்கு ஆகியன தொழிலாளியை எப்பொழுதும் கடனாளியாகவே வைத்திருந்தன. அக்கடனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அனுமதியின்றி வேலையை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. இந்தியத் தொழிலாளரைப் பொறுத்தவரை அத்தண்டனைப் பிரிவுகளும் 1921ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டன. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரு மாற்றங்களும் தொழிலாளியின் கால்களுக்கு ஓரளவு விடுதலை அளித்தன எனலாம்.

அக்கால்களுக்கு வழி அமைந்ததும் ஏறத்தாழ இதே காலத்திலாகும். ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இற் பண்டாரவளையையும் எட்டியது. அங்கிருந்து எல்ல, தெமோதரை வழியாகப் பதுளையை எட்டுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேயே பதுளைப் புகையிரத நிலையம் திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 292 கிலோமீற்றர் தொலைவில் உள்ள இந்நிலையமே மலைநாட்டுப் பாதையின் இறுதி நிலையமாகும். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டு செல்வதற்கென அமைந்த இப்பாதை, நகரத்துக்கு வணிகரையும் கொண்டுவந்தது. பசார் வீதி, லோவர் வீதி முதலிய பகுதிகளில் ஊவாத் தோட்டங்களை நம்பியே வாழ்ந்த கடைத்தெரு வளர்ந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஸ்பிரிங்வெளி, ஹாலிஎல ஆகிய பகுதிகளின் தோட்டங்களுக்குப் பதுளையே நகரமாயிற்று. அப்புத்தளை, தியத்தலாவை ஆகிய பகுதிகளின் தோட்டங்களுக்குப் பண்டாரவளையும் ஒரு சந்தை நகராயிற்று.

இந்நகரங்களில் வெளியில் உண்ணும் இடங்கள் இருவகைப்பட்டன. ஒருவகை, ஆங்கிலத் துரைமாருக்கும் அரச உத்தியோகத்தருக்கும் உரியவை. பதுளையின் ஊவாக் கழகம், வாடிவீடுகள், தோட்டத் துரைமாரின் கழகமாக 1893ஆம் ஆண்டிலே தொடங்கிய பண்டாரவளை ஹோட்டல் ஆகியன இவ்வகையின. அவ்விடங்களிலே தோட்டத் தமிழன் சமையற்காரனாகவோ ஏவலாளனாகவோ மாத்திரமே நுழைய முடிந்தது. மற்றைய வகை, கடைத்தெருவின் தேநீர்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாகும். தமிழகத்திலிருந்து வந்தோரும், மலையாளிகளும், யாழ்ப்பாணத்தவரும், முஸ்லிம்களும், கரையோரச் சிங்களவரும் மலைநாட்டு நகரங்களில் இத்தொழிலை நடத்தினர். சைவக் கடையிலே தோசையும் வடையும், முஸ்லிம் கடையிலே ரொட்டியும் இறைச்சிக் கறியும், வெதுப்பகத்திலே பாணும் பணிசும் என உணவின் வழியாகவே கடைகள் இனங்காணப்பட்டன.

இக்கடைகளின் பெயர்களிலும் வரலாறு படிந்துள்ளது. சிங்கள வழக்கிலே சிறு தேநீர்க் கடையை இன்றும் ‘கோப்பிக் கடே’ என்றே குறிப்பிடுவர். கோப்பிப் பயிர் அழிந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், தேநீர் விற்கும் கடை கோப்பியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வாறே இலங்கைத் தமிழில் ‘ஹோட்டல்’ என்னும் சொல் தங்குமிடத்தைக் காட்டிலும் உண்ணுமிடத்தையே பெரிதும் சுட்டுகின்றது. தமிழகத்திற் காப்பி நடுத்தர வகுப்பினரின் பானமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் வளர்ந்தமையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். ஊவாவில் இவ்வேறுபாடு மற்றொரு வடிவம் பெற்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினாலே தனி மணம் பெறும் ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெயர் பெற்றது. ஆயின் அதன் உயர்தரம் ஏற்றுமதிக்குரியது. அதனைப் பறித்தவர் லயத்திலும் கடையிலும் அருந்தியது பெரும்பாலும் தூள் தேயிலையின் சாயமே. தாம் பறித்த கொழுந்தின் சுவையைத் தாம் அறியாதிருந்தமை பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் இயல்பை விளக்கப் போதுமானது.

சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலே தோட்டக் குடும்பம் நகரத்துக்குச் செல்வது காலப்போக்கில் வழமையாயிற்று. துணி, பாத்திரம், கருவாடு, மிளகாய் முதலியவற்றை வாங்குவதே பயணத்தின் நோக்கம். தீபாவளிக்கு முன் தோட்டத்தில் வழங்கப்படும் முற்பணம் கைக்கு வந்ததும் இப்பயணம் குடும்பம் முழுவதும் சேர்ந்த பயணமாகியது. 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பேருந்துச் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின், தோட்டங்களை அடுத்த சிற்றூர்களிலிருந்தும் நகரத்துக்கு வந்து மாலையில் மீள்வது முன்னையிலும் எளிதாயிற்று.

இவ்விடத்தில் உணவுக் கடையைத் தவறணையோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கள்ளும் சாராயமும் விற்ற தவறணை ஆண்களுக்குரிய இடம். குடும்பத்தின் சம்பளம் வீடு சேரு முன்னரே கரைந்த இடமும் அதுவே. தேநீர்க் கடையோ பெண்ணும் பிள்ளையும் உடன் அமரக்கூடிய இடம். தோட்டத்திலே தாயானவள் பொழுது புலருமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்கே வருபவள். நாள் முழுவதும் பிறருக்குச் சமைத்துப் பரிமாறும் அவளுக்கு வேறொருவர் பரிமாறிய இடங்கள் வாழ்நாளில் மிகச் சிலவே: திருமணப் பந்தி, கோயில் அன்னதானம், நகரத்து உணவுக் கடை. முதலிரண்டிலும் உறவும் ஊர் வழமையும் அவளது இடத்தை நிர்ணயித்தன. மூன்றாவதில் மாத்திரமே அவள் விலை கொடுத்து வாங்குபவள். எனினும் அவ்விலையைக் கொடுத்த கை பெரும்பாலும் கணவனுடையதே. பெண்ணின் சம்பளத்தையும் ஆணே பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. ஆண், பெண் இருபாலாருக்கும் சமமான நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது.

கடையில் உண்ணும் முறையும் தோட்டத்து முறைக்கு மாறானது. இலங்கைத் தேநீர்க் கடைகளில் வடை, பணிஸ் முதலியவற்றை ஒரு தட்டில் நிறைத்து மேசை நடுவே வைப்பர். உண்பவர் வேண்டியதை எடுத்து உண்டபின், எஞ்சியதை எண்ணி உண்டதற்கு மாத்திரம் காசு பெறுவர். அளந்து கொடுக்கப்பட்ட அரிசியிலும் எடை பார்த்துக் கழிக்கப்பட்ட கொழுந்திலும் பழகியோருக்கு இத்தட்டு ஒரு புதிய உறவைக் காட்டியது. அங்கே கணக்கு உண்டு. ஆயின் உண்டவரின் கண்முன்னே எண்ணப்படும் கணக்கு அது. லயத்தில் இருந்துவிட்ட முதியோருக்கும் சிறியோருக்கும் தாளிற் சுற்றிய பொட்டலம் ஒன்றும் உடன் சென்றது. வெளியில் உண்ணுதல் என்பது இவ்வாறு வீட்டிலிருந்தோரையும் உள்ளடக்கிய குடும்பச் செயலாகவே அமைந்தது.

மூன்றாவது நிபந்தனையாகிய இருக்கை, தமிழ்ச் சமூகத்திலே சாதியோடு பிணைந்த ஒன்றாகும். சென்னைத் திருவல்லிக்கேணியின் முரளீஸ் கபே உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னுஞ் சொல்லை எதிர்த்துப் பெரியாரின் இயக்கம் 1957இற் போராடியது. அதே 1957ஆம் ஆண்டில் இலங்கையிற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, உணவுக் கடை முதலிய பொது இடங்களிற் சாதியைக் காரணங்காட்டித் தடை செய்தல் குற்றமாக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் யாழ்ப்பாணத்திலே தேநீர்க் கடைகளுட் சமமாக அமர்வதற்குத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் 1960களின் பிற்பகுதியிற் போராட வேண்டியிருந்தது. தோட்டங்களிலும் சாதி வேறுபாடு வலுவாகவே நிலவியது. கங்காணிமாரிற் பலர் உயர்சாதியினராகவும் தொழிலாளரிற் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் இருந்தனர். ஆயினும் கிராமத்திலும் லயத்திலும் ஒருவரது சாதியை ஊரே அறியும். முன்பின் அறியாதோர் கூடும் நகரத்துக் கடைத்தெருவில் அதனை அறிதல் எளிதன்று. பல இனத்தவர் நடத்திய கடைகள் அருகருகே இருந்தமையும் ஒரு கடையின் வாயில் அடைபட்டால் மற்றொன்றை நாடும் வாய்ப்பை அளித்தது. மலைநாட்டு நகரத்தின் பன்மை, சாதியை ஒழிக்கவில்லை. அதன் பிடியைக் கடை வாசலிற் சற்றுத் தளர்த்தியது.

இவ்வளர்ச்சிக்கு முரணாக அரசியல் அரங்கிலே தொழிலாளரின் நிலை பின்னோக்கிச் சென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. வாக்குச் சாவடியில் இடமற்றிருந்த குடும்பத்துக்குக் கடை வாங்கில் இடமிருந்தது. இவ்விடத்தின் பெறுமதியை மிகைப்படுத்துதல் பிழை. காசுள்ளவரை மாத்திரமே நிலைக்கும் சமத்துவம் அது. காசு அற்றபோது அச்சமத்துவமும் அற்றது.

அதனை 1970களின் நடுப்பகுதி காட்டியது. போர்க்காலத்திலே, 1942இற் பர்மா வீழ்ந்து அரிசி வரவு தடைப்பட்டபோது, கோதுமை மா தோட்டத்து அடுப்பங்கரையிலே நிலைபெற்றிருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையிலே தானிய விலை உயர, அரசின் பங்கீடு குறைக்கப்பட்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டு செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. உணவுக் கடைகளிற் சோறு பரிமாறுவதும் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. கிராமத்தவருக்குக் கைகொடுத்த சொந்த வயலோ தோட்டமோ லயத்தவருக்கு இருக்கவில்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. பட்டினியால் நகரத் தெருக்களுக்கு வந்து கையேந்தியோரும் உளர். முன்னர் விலை கொடுத்து அமர்ந்த கடையின் வாசலிலே எஞ்சியதற்குக் காத்துநிற்கும் நிலை சிலருக்கு நேர்ந்தது. 1975இற் பெருந்தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட போதும் இந்நிலை உடனே மாறவில்லை. வன்னிப் பெருநிலத்தை நோக்கிய இடப்பெயர்வு இக்காலத்திலே பெருகியது.

இரண்டாவது முறிவு 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நேர்ந்தது. கொழும்பிற் கலவரம் தொடங்கிய பின்னரும் அமைதியாக இருந்த பதுளையில், யூலை 27ஆந் திகதி முற்பகலிலே மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன் தமிழர் ஒருவரது மோட்டார்ச் சைக்கிள் எரிக்கப்பட்டது. நண்பகலளவிற் கடைத்தெருவிலே தமிழரின் கடைகள் தீக்கிரையாயின. பின்னர் வீடுகளும் எரிந்தன. வன்முறை அங்கிருந்து பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடை ஆகிய இடங்களுக்கும் இரவுக்குள் லுணுகலைக்கும் பரவியது. கடைத்தெருவின் அழிவைப் பொருட்சேதக் கணக்கில் அடக்கிவிடுதல் போதாது. தோட்டத்துக் குடும்பம் தன் மொழியிலே பேசி, தயக்கமின்றி அமர்ந்த இடங்களும் அன்று எரிந்தன. இனத்தைக் கேளாது காசை மாத்திரம் கேட்ட கடைத்தெரு, அன்று இனத்தைக் கேட்டது. பின்னர் கடைகள் பல மீண்டும் எழுந்தன. எனினும், தெருவில் நிலைமை எவ்வாறுள்ளது என்று விசாரித்துவிட்டுப் புறப்படும் பழக்கம் குடும்பங்களிடையே நெடுங்காலம் நீடித்தது.

இதே காலப்பகுதியில் மற்றொரு மாற்றமும் ஏற்பட்டது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின் தலைநகரிலே உணவகங்கள் பெருகின. அவற்றுக்கு வேலையாள் தேவைப்பட்டபோது, தோட்டத்திலே எதிர்காலம் காணாத இளைஞர்கள் கொழும்பை நோக்கிச் சென்றனர். பாடசாலைப் பருவத்தைக் கடவாத சிறுவரும் அவர்களுள் இருந்தனர். பெண்கள் தலைநகரத்து வீடுகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் வீட்டுப் பணிக்குச் சென்றனர். பாட்டனார் அமர்ந்து உண்ணப் பல பத்தாண்டுகள் காத்திருந்த மேசையைப் பேரன் துடைப்பவனானான். கொழும்பிலே குடும்பத்தோடு உணவகம் செல்லும் நடுத்தர வகுப்பாருக்குத் தோசையும் தேநீரும் கொண்டுவந்து வைப்போருட் பலர் ஊவாவினதும் மத்திய மாகாணத்தினதும் லயங்களிலிருந்து வந்தோரே. ஆயினும் இதனை வெறும் வீழ்ச்சியாகக் கொள்ளுதலும் பொருந்தாது. அவ்விளைஞர் அனுப்பிய பணம் தம்பி தங்கையரைப் பாடசாலையில் நிறுத்தியது; தொழில் கற்றுத் தோட்டத்தை அடுத்த சந்தியிலே தமக்கெனச் சிறு கடை வைத்தோரும் உளர்.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. இன்று எல்லவிலே, ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கென உணவகங்கள் நிரை நிரையாக எழுந்துள்ளன. அவற்றின் சாளரங்களிலிருந்து காணும் பச்சை மலைகளிற் கொழுந்து பறிப்போருக்கு அங்கு விற்கப்படும் உணவின் விலை எட்டாதது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டபோதும், இடையில் உயர்ந்த விலைகள் பழைய நிலைக்கு மீளவில்லை.

தோட்ட மக்களின் வாழ்க்கைத் தரத்தை அளவிட முனையும் ஆய்வுகள் கலோரியையும் அரிசி அளவையும் கணக்கிடுகின்றன. அவை வேண்டியனவே. ஆயினும் உயிர் வாழப் போதுமான உணவு என்பது பெருந்தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்கு விதித்த அளவுகோலாகும். நால்வரைக் கொண்ட ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமையிலே பதுளை நகரத்துக்குச் சென்று, ஒரு வேளை அமர்ந்து உண்டு, லயத்திலிருக்கும் பாட்டிக்கு ஒரு பொட்டலமும் கட்டிக்கொண்டு மீள்வதற்கு எத்தனை நாட் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதும் கணக்கிடப்பட வேண்டியதாகும். 1924இலும் 1974இலும் 2024இலும் இக்கணக்கு எவ்வாறு அமைந்தது என்பதைத் தோட்டச் சம்பளப் பதிவேடுகளையும் நகரத்துக் கடைகளின் விலைப்பட்டியல்களையும் ஒப்புநோக்கி ஆராய்தல் வேண்டும். பழைய கடைத்தெருவை நேரிலே கண்ட முதியோர் இன்றும் ஊவாத் தோட்டங்களில் வாழ்கின்றனர். அவர்களின் நினைவுகளைக் காலந்தாழ்த்தாது பதிவு செய்தல் மலையக வரலாற்று மாணவரின் உடனடிக் கடமையாகும்.